வாளித் தண்ணீர்

அபுதாகிர் கடை வாசலில் ஒரு நீல வாளி.
விடியுமுன் அவரே கடலில் மொண்டுவந்து வைப்பார்.
முக்குளிக்கக் கண்ணாடி வாங்க வருகிறவள்
முகத்தை அதற்குள் அமிழ்த்திப் பார்த்த பிறகுதான்
காசை எடுக்கணும். கடைச் சட்டம் அது.

சித்திரை கடைசியில் ஏழு கண்ணாடி மாட்டிப் பார்த்தேன்.
ஒன்று மூக்கை நெரித்தது.
ஒன்றில் புருவத்தோரம் ஊசிபோல் தண்ணீர் இறங்கியது.
ஏழாவது தோலோடு ஒட்டிக்கொண்டது.
வாளியின் அடியில் யாரோ தவறவிட்ட ஐந்து ரூபாயில்
வருசம்கூடப் படிக்க முடிந்தது.
எண்ணூற்று ஐம்பது என்றார்.
பாசி எடை போட்டதும் வர்றேன் என்றேன்.

போகவில்லை.
சட்டத்தின் உட்புறம் பொறித்திருந்த எண்ணை
வாளிக்குள் வைத்தே விரலால் தடவி
மனப்பாடம் செய்திருந்தேன்.
பிள்ளைகள் தூங்கியபின் போனில் அதை அடித்தேன்.
அதே கண்ணாடி. அதே பச்சை வார்.
கடல் தாண்டி, சின்னப்பாலத்து வீட்டு வாசல்வரை
முன்னூற்றுப் பத்து.

மிச்சம் ஐந்நூற்று நாற்பது.
அது எனக்கு இரண்டு நாள் பாசி.
இடுப்பளவு, கழுத்தளவு,
அப்புறம் அளவே இல்லாத தண்ணீரில்
குனிந்து எழுந்த இரண்டு நாள்.
இதற்கு நான் யாருக்குக் கணக்குச் சொல்லணும்?

இருபத்து மூன்றாம் நாள் வந்தது,
சாம்பல் பையில், புரியாத எழுத்தோடு.

ஒழுகியிருந்தால் தேவலை.
ஏமாந்துட்டேன் என்று அவரிடமே போய்
நாலு பேச்சு வாங்கிக்கொண்டு
அங்கேயே இன்னொன்று எடுத்திருப்பேன்.
ஒழுகவில்லை.
கல்லிடுக்கில் மீசை ஆட்டும் சிங்கி இறால்
முகத்துக்கு நேரே நின்றது.
எண்ணூற்று ஐம்பது கொடுத்தவளுக்குக் கடல்
இதைவிட என்னத்தைக் காட்டிவிடும்?

ஆனியில் விரலுக்குச் சுற்ற ரப்பர் வாங்கப் போனேன்.
கடனுக்குத்தான். அவர் நோட்டில் என் பக்கம்
தடைக்காலத்தில் திறந்தது, இன்னும் மூடவில்லை.
கழுத்தில் கண்ணாடி தொங்கியதை மறந்திருந்தேன்.
கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன்.
உட்புறத்து எண்ணை அவரும் விரலால் தடவினார்.

"எவ்வளவு?"
சொன்னேன்.
"எனக்கே நானூத்தி எழுபதுக்குத்தான் வருது.
மெட்ராஸ்காரன் தர்றான். இங்க வாடகை, கரண்டு..."
பாதியில் விட்டுவிட்டார்.
ரப்பரை அளந்து, வழக்கம்போல
ஒரு சாண் கூடவிட்டு வெட்டினார்.
அந்த ஒரு சாணைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:
"அந்த போன்ல எனக்கும் பத்து போட்டுக் குடு, புள்ள."

பத்தும் என் பேருக்கு வந்தன.
படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் மாட்டி
வாளிக்குள் குனிந்தார்,
அறுபது வயசு மனுசன், தாடியில் உப்புத் தண்ணீர் சொட்ட.
மூன்று ஒழுகின.
திருப்பி அனுப்ப விலாசம் தேடினோம்.
அந்த எழுத்தைப் படிக்கப் பாம்பனில் ஆளில்லை.
மூன்றையும் பரணில் எறிந்தார்.
மற்ற ஏழில் விலை ஒட்டினார்: ஐந்நூற்று ஐம்பது.

என்னுடையது ஒழுகாதது என் சாமர்த்தியம் என்று
அன்றுவரை நினைத்திருந்தேன்.

இன்று காலை நம்புமாரி வந்தாள்.
முகத்தை அமிழ்த்தி மூச்சடக்கி
நெடுநேரம் கிடந்தாள்.
காதோரம் நீர் வழிய நிமிர்ந்து,
"போன்ல இது எவ்வளவு, அக்கா?" என்றாள்.
அவரைக் கேட்கவில்லை, என்னை.

அபுதாகிர் முதுகைக் காட்டித் திரும்பி
ஏற்கெனவே அடுக்கியிருந்த தூண்டில்களை
மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.
நான் வாளியைப் பார்த்தேன்.
அவள் எழுந்த வேகத்தில் தண்ணீர் இன்னும் அடங்கவில்லை.
அந்த ஐந்து ரூபாய் கிடக்கிறது.
என்ன வருசம் என்று தெரியவில்லை.